எடுத்த வீடியோவை நீண்ட காலம் பத்திரமாக வைப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சிறிய வீடியோ குழு பல வருடங்களாக எடுத்துக் குவித்திருந்த ஃபுட்டேஜை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அலமாரியில் ஹார்ட் டிஸ்க்குகள் வரிசையாக இருந்தன. எதில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் இல்லை. ஒரே படப்பிடிப்பு மூன்று டிஸ்க்குகளில் இருந்தது. மூன்றிலும் ஃபைல் எண்ணிக்கை வேறு வேறு. எது முழுமையானது என்று சொல்ல ஆளில்லை. எந்த டிஸ்க் வாங்கலாம் என்று சொல்வதற்கு நிறைய பேர் இருக்கிறார்கள். வாங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் துண்டு துண்டாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தை நீங்களும் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு வருடம் தாங்கும் டிஸ்க் எது என்று தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். காப்பி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது, காலம் பார்த்துப் புது டிஸ்க்குக்கு மாற்றுவது, எங்கே என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பது, இந்த மூன்று வேலைகளும்தான் வீடியோவைக் காப்பாற்றும். கீழே சொல்லியிருக்கும் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

1. எதை வைப்பது, எதை விடுவது

டிஸ்க் வாங்குவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். கட்டாயம் வைக்க வேண்டியவை: கேமரா கார்டில் இருந்து வந்த அசல் ஃபைல்கள், தனியாகப் பதிவு செய்த ஒலி, எடிட்டிங் முடிந்த இறுதி வீடியோ (மாஸ்டர்), எடிட்டிங் புராஜெக்ட் ஃபைல், சப்டைட்டில், பிறகு சொல்லப்போகும் ஆவணங்கள்.

விட்டுவிடலாம் என்பவை: எடிட்டிங் மென்பொருள் தற்காலிகமாக எழுதும் ரெண்டர் கேஷ், பிரிவ்யூ ஃபைல்கள், எடிட்டிங்குக்காக உருவாக்கிய பிராக்ஸி (அசலின் சிறிய, தரம் குறைந்த காப்பி). இவற்றை அசலில் இருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் பெரிய சேகரிப்பு என்றால், இவற்றில் பிராக்ஸியை மட்டும் அசலோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். அசலை அலமாரியில் இருந்து எடுக்காமலே தேவையான ஷாட்டைத் தேடிப் பார்க்க அது உதவும்.

வேண்டாத டேக்குகளை அழிப்பதில் அவசரப்படாதீர்கள். மங்கலான ஷாட், லென்ஸை மூடிக்கொண்டு ஓடிய கிளிப் போன்றவற்றை அழிக்கலாம். "இது தேவைப்படாது" என்று தோன்றும் சாதாரண ஷாட்டுகளைத் தொடாதீர்கள். பேட்டி தொடங்குமுன் கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது பதிவான பேச்சுதான் பின்னாளில் அந்த மனிதரைப் பற்றி நம்மிடம் இருக்கும் சிறந்த பதிவாக இருக்கக்கூடும்.

2. எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் கேமராவின் பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு தரவு எழுதுகிறது என்பதை) எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில் பாருங்கள். அதை 0.45 ஆல் பெருக்கினால் ஒரு மணி நேர வீடியோவுக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 100 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 45 ஜிபி. எடிட்டிங்குக்குப் பயன்படும் ஆப்பிளின் வீடியோ வடிவமான புரோரெஸ் 422 எச்க்யூ, முழு எச்டி அளவில் சுமார் 220 எம்பிபிஎஸ். மணிக்கு 99 ஜிபி. அதே புரோரெஸ் 4கே அளவில், நொடிக்கு 30 ஃபிரேமில், சுமார் 884 எம்பிபிஎஸ். மணிக்குக் கிட்டத்தட்ட 400 ஜிபி.

வருடத்துக்கு 40 மணி நேரம் 100 எம்பிபிஎஸ்ஸில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.8 டிபி ஆகிறது. மூன்று காப்பி என்றால் 5.4 டிபி. ஐந்து வருடத்துக்கு 27 டிபி. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். பலர் ஒரு காப்பிக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, பணம் தீர்ந்ததும் இரண்டாவது காப்பியைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தத் தள்ளிப்போட்ட காலத்தில்தான் டிஸ்க் போகும்.

இங்கே ஒரு சின்னக் குழப்பம் வரும். 4 டிபி டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால் 3.63 டிபி என்று காட்டும். டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். டிஸ்க்கை முழுவதும் நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு இடமாவது விட்டு வையுங்கள்.

3. கார்டை அப்படியே, முழுவதுமாக எடுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். கார்டைத் திறந்து, உள்ளே பல ஃபோல்டர்களைத் தாண்டிப் போய், வீடியோ ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மற்றவை குப்பை போலத் தெரியும். ஆனால் அவை தேவை. டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்), கேமரா அமைப்புகள், ஒரு கிளிப் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடர்கிறது என்ற தகவல் எல்லாம் அந்தச் சின்னச் சின்ன ஃபைல்களில் இருக்கலாம். ஏவிசிஎச்டி வகைக் கேமராக்கள் நீளமான ஷாட்டைத் துண்டுகளாக உடைத்து எழுதும். துண்டுகளை மட்டும் எடுத்து ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்து போகலாம். கார்டின் அமைப்பு முழுவதும் இருந்தால் எடிட்டிங் மென்பொருள் அதை ஒரே ஷாட்டாகப் படிக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. கார்டில் எழுதுவதைத் தடுக்கும் பூட்டு இருந்தால் முதலில் பூட்டுங்கள். டிஸ்க்கில் அந்தக் கார்டுக்கென ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். கார்டின் மேல்நிலை ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் அப்படியே அதற்குள் போடுங்கள். உள்ளே இருக்கும் எதற்கும் பெயர் மாற்றாதீர்கள்.

ஒரு கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கேமராக்கள் ஒவ்வொரு கார்டையும் ஃபார்மட் செய்தவுடன் கிளிப் எண்ணை மறுபடி 0001 இல் தொடங்குகின்றன. இரண்டு கார்டுகளை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒரே பெயரில் இரண்டு கிளிப் வரும். "மாற்றி எழுதவா?" என்று கணினி கேட்கும்போது அசதியில் "சரி" என்று அழுத்தினால் முதல் கார்டு போய்விடும்.

இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் காப்பி ஆகி, இரண்டும் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். ஃபார்மட்டைக் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.

4. பெயர் வைப்பது

ஃபோல்டர் பெயரை எப்போதும் தேதியில் தொடங்குங்கள்: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், 2024-03-17 போல. இப்படி வைத்தால் பெயர்ப்படி அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். அடுத்து நிகழ்வின் சுருக்கப் பெயர், பிறகு எந்தக் கேமரா, எத்தனையாவது கார்டு. ஃபைலின் "உருவாக்கிய தேதி"யை நம்பி இருக்காதீர்கள். காப்பி செய்யும்போது அது மாறிவிடலாம். கேமராவின் கடிகாரமே தவறாக இருப்பதும் சாதாரணம்.

ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைக்கலாமா? வைக்கலாம், பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் நீண்ட காலச் சேமிப்புக்கு நான் வைப்பதில்லை. காரணம் இதுதான்: "கொ", "கோ", "கௌ" போன்றவற்றில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக் ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமிக்கும். விண்டோஸ் நீங்கள் தட்டச்சு செய்ததை அப்படியே வைக்கும். டிஸ்க் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, கண்ணுக்கு ஒரே பெயராக இருக்கும் ஃபோல்டரை மென்பொருள் "காணவில்லை" என்று சொல்லும். சரிபார்ப்புப் பட்டியலில் இது பெரிய தலைவலி.

நீளத்திலும் சிக்கல் இருக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆவதால் 85 குறிகளோடு முடிந்துவிடும். அதில் புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறிகளாகத்தான் எண்ணப்படும். எனவே ஃபோல்டர் பெயருக்கு ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், கோடு, அடிக்கோடு மட்டும் போதும். தமிழில் எழுத வேண்டிய விவரத்தை எல்லாம் பட்டியலில் தாராளமாக எழுதுங்கள். அங்கேதான் அது தேடவும் வசதி.

5. செக்சம்: இதைத் தவிர்க்கவே கூடாது

செக்சம் என்பது ஃபைலின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிட்டையும் படித்துக் கணக்கிடப்படும் ஒரு குறுகிய அடையாள எண். ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். அசலின் எண்ணும் காப்பியின் எண்ணும் ஒன்றாக இருந்தால் காப்பி சரி. இல்லாவிட்டால் எங்கேயோ கெட்டிருக்கிறது.

நான் சொன்ன அந்தச் சேகரிப்பில் ஒரே பெயருள்ள இரண்டு கிளிப்புகள் இரண்டு டிஸ்க்குகளில் இருந்தன. அளவு பைட் மாறாமல் ஒன்று. தேதியும் ஒன்று. செக்சம் மட்டும் பொருந்தவில்லை. ஓட்டிப் பார்த்தால் ஒன்றில் நடுவில் சில ஃபிரேம்கள் பச்சைக் கட்டங்களாக உடைந்து, பிறகு தானாகச் சரியாகி ஓடியது. முதல் பத்து நொடியை மட்டும் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் கெட்டதை வைத்துக்கொண்டு நல்லதை அழித்திருக்க வாய்ப்பு இருந்தது. பெயரையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

எந்த மென்பொருள்? விண்டோஸில் டெராகாப்பி போன்ற இலவசக் கருவிகள் காப்பி செய்து முடித்தபின் சரிபார்க்கும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே "குளோன் டூல்" இருக்கிறது. அது கார்டைக் காப்பி செய்து செக்சம் பட்டியலும் எழுதி வைக்கும். தொழில்முறைப் படப்பிடிப்பில் ஷாட்புட் புரோ, ஆஃப்ஷூட், சில்வர்ஸ்டாக் போன்றவை பயன்படுகின்றன. அவை எம்எச்எல் என்ற செக்சம் பட்டியலை ஃபோல்டரோடு சேர்த்து வைக்கும். கட்டளை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவி போதும்.

செக்சமில் எம்டி5, எக்ஸ்எக்ஸ்ஹாஷ், ஷா-256 என்று பல வகை வரும். தற்செயலாகக் கெட்டதைக் கண்டுபிடிக்க எம்டி5 போதும். எக்ஸ்எக்ஸ்ஹாஷ் இன்னும் வேகம். யாராவது வேண்டுமென்றே மாற்றியிருக்கக்கூடும் என்ற சந்தேகத்துக்கு இடமுள்ள பதிவு, உதாரணமாகச் சாட்சியமாகப் பயன்படக்கூடிய வீடியோ என்றால் ஷா-256 எடுங்கள்.

இதிலும் ஒரு பொறி. காப்பி முடிந்த உடனே சரிபார்த்தால், கணினி டிஸ்க்கைப் படிக்காமல் தன் நினைவகத்தில் இன்னும் இருக்கும் தரவையே படித்துவிட்டு "சரி" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. முக்கியமான ஃபுட்டேஜ் என்றால் டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி மாட்டிச் சரிபாருங்கள். செக்சம் பட்டியலை அந்த ஃபோல்டரிலும் வையுங்கள், வேறு ஓர் இடத்திலும் வையுங்கள்.

6. எதில் வைப்பது

*ஹார்ட் டிஸ்க்.* பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி. ஒரு டிபிக்கு ஆகும் செலவு குறைவு, எந்தக் கணினியிலும் மாட்டலாம். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிடும் புள்ளிவிவரங்களில் வருடத்துக்கு நூற்றில் ஒன்று முதல் இரண்டு டிஸ்க் பழுதாவதைப் பார்க்கலாம். அது இடைவிடாமல் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு. அலமாரியில் படுத்திருக்கும் டிஸ்க்குக்கு வேறு வகை ஆபத்துகள் உண்டு, ஈரம், கீழே விழுவது, வருடக்கணக்கில் சுழலாமல் கிடப்பது என்று. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு டிஸ்க்கை நம்ப வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுபவை) ஒருமுறை எழுதி வைக்கப் பரவாயில்லை. மாற்றி மாற்றி எழுதினால் மிகவும் மெதுவாகிவிடும், ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) போட்டால் தொல்லை தரும். நாஸ் பெட்டிக்குள் (நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி) போடுவதாக இருந்தால், தடங்கள் படியாமல் எழுதும் சிஎம்ஆர் வகை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். காப்பிகளுக்கு ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்த டிஸ்க்குகளை வாங்காமல் வேறு தயாரிப்பு அல்லது வேறு தொகுதியாகப் பாருங்கள். ஒரு தொகுதியில் குறை இருந்தால் எல்லாம் சேர்ந்து போகும். சில சிறிய போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யூஎஸ்பி இணைப்பு டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த இணைப்பு உடைந்தால் டிஸ்க் நன்றாக இருந்தும் மீட்பது சிரமம். 3.5 அங்குல டிஸ்க்கைத் தனியாக வாங்கி டாக்கில் (டிஸ்க்கைச் செருகிக் கணினியோடு இணைக்கும் தாங்கி) மாட்டுவது இதற்குத் தேவலை.

அடாப்டரையும் சொல்லிவிட வேண்டும். மேசையில் வைக்கும் பெரிய டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர் வரும். லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட். முனை ஒன்றுபோல இருந்து உள்ளே நுழைந்துவிடும். மாற்றிச் செருகினால் டிஸ்க்கின் பலகை கருகிவிடலாம். டிஸ்க்குக்கும் அதன் அடாப்டருக்கும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

*எஸ்எஸ்டி.* சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ் இது. எடிட்டிங்குக்கு அருமை. அலமாரியில் வைக்க வேண்டாம். அது தரவை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். எழுதும் ஆயுளை முழுவதும் பயன்படுத்தித் தீர்த்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமில்லாமல் 1 வருடம் தரவைக் காத்தால் போதும் என்பதுதான் சிப் தொழிலின் தரநிலை அமைப்பான ஜெடெக் வகுத்த தரநிலை. புதிய எஸ்எஸ்டி அதைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் பத்து வருடத் திட்டத்துக்கு அது ஏற்ற பொருள் அல்ல. பென்டிரைவும் மெமரி கார்டும் அதே கதைதான்.

*எல்டிஓ டேப்.* தரவை எழுதி வைக்கும் காந்த நாடா. பெரிய நிறுவனங்கள் இதைத்தான் நம்புகின்றன. தகுந்த சூழலில் 30 வருடம் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எல்டிஓ-8 டேப்பில் 12 டிபி, எல்டிஓ-9 இல் 18 டிபி. டேப் மலிவு, டிரைவ்தான் விலை, ஒரு டேப்பின் விலையைப் போலப் பல பத்து மடங்கு. அதோடு டிரைவைக் கணினியில் இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டு, கேபிள், சுத்தம் செய்யும் டேப் என்று கூடுதல் செலவும் வரும். என் கணக்கில் 50 டிபிக்குக் கீழே இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம். 100 டிபியைத் தாண்டினால் கட்டாயம் யோசியுங்கள். இடையில் இருப்பவர்கள், டிரைவ் வைத்திருக்கும் ஒருவரிடம் கூலி கொடுத்து டேப்பில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். எல்டிஎஃப்எஸ் முறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது திறந்த முறை, அதை ஆதரிக்கும் எந்த மென்பொருளாலும் படிக்கலாம்.

எல்டிஓ-9 டேப் பெட்டியின் மேல் 45 டிபி என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது சுருக்கி எழுதினால் கிடைக்கும் என்று போட்ட கணக்கு. வீடியோ ஏற்கனவே சுருக்கப்பட்டது; 18 டிபிதான் கிடைக்கும். தலைமுறை விவகாரம் அதைவிட முக்கியம். எல்டிஓ-7 வரை ஒரு டிரைவ் இரண்டு தலைமுறை பின்னால் உள்ள டேப்பையும் படிக்கும். எல்டிஓ-8 உம் 9 உம் ஒரு தலைமுறை பின்னால் மட்டும்தான். எல்டிஓ-10 டிரைவ் பழைய டேப் எதையும் படிக்காது. டேப் 30 வருடம் நன்றாக இருந்து, படிக்கும் டிரைவ் கிடைக்காவிட்டால் என்ன பயன்?

*கிளவுட்.* மூன்றாவது காப்பிக்கு நல்லது. ஆவணக் காப்புக்கென்றே தனி வகைச் சேமிப்பு உண்டு. மாத வாடகை மிகக் குறைவு; ஆனால் எடுக்கும்போது பணமும் நேரமும் ஆகும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் வகையில் குறைந்தது 180 நாள் வாடகை கட்ட வேண்டும், அதற்கு முன் அழித்தாலும். ஃபைலைத் திரும்பக் கேட்டால் 12 மணி நேரம் வரை ஆகும். மலிவான வழியில் கேட்டால் 48 மணி நேரம் வரை. பதிவிறக்கத்துக்குத் தனிக் கட்டணம். ஆகவே சேருமுன் மாத வாடகையைப் பார்த்தால் மட்டும் போதாது. "எல்லாவற்றையும் ஒரே தடவை திரும்ப எடுத்தால் எவ்வளவு ஆகும்?" என்று அவர்கள் தளத்தின் கணக்கீட்டில் போட்டுப் பாருங்கள். சில நேரம் அது பல வருட வாடகைக்குச் சமமாக வரும்.

ஏற்றும் நேரத்தையும் கணக்கிடுங்கள். 100 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 10 டிபி ஏற்ற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். 20 எம்பிபிஎஸ் என்றால் ஒன்றரை மாதம், அதுவும் இடையில் அறுந்து போகாமல் இருந்தால்.

யூடியூபில் ஏற்றியதும், வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் காப்பி ஆகாது. இரண்டுமே வீடியோவை மறுபடி சுருக்கிவிடும். அசல் அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

*டிஸ்க் தட்டுகள்.* 100 ஜிபி புளூரே தட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. சில மணி நேரக் குடும்பப் பதிவுக்கு அவை சரி. பெரிய சேகரிப்புக்கு வேண்டாம்; சோனி 2025 பிப்ரவரியில் பதிவு செய்யும் புளூரே தட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

7. மூன்று காப்பி, இரண்டு வகை, ஒன்று வேறு இடத்தில்

3-2-1 என்று இதைச் சொல்வார்கள். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் இதைப் பரவலாக்கினார். மொத்தம் மூன்று காப்பி. அவை குறைந்தது இரண்டு வகைச் சாதனங்களில். அதில் ஒன்று வேறு கட்டிடத்தில். இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு கிளவுடும் என்றால் கணக்கு முடிந்தது. கிளவுட் முடியாதவர்கள் மூன்றாவது டிஸ்க்கை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வைக்கலாம். தீயும் வெள்ளமும் திருட்டும் ஒரே கட்டிடத்தில் இருக்கும் மூன்று காப்பியையும் சேர்த்தே கொண்டு போகும்.

இங்கே எல்லோரும் சிக்கும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, ரெய்டை பேக்கப் என்று நினைப்பது. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் ஓட ரெய்டு உதவும். நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டில் இருக்கும் எல்லா டிஸ்க்கிலும் அது அந்த நொடியே அழியும். பெட்டி முழுவதையும் ஒரு காப்பி என்றுதான் எண்ண வேண்டும். இரண்டாவது, சிங்க், அதாவது இரண்டு இடங்களைத் தானாக ஒன்றுபோல வைத்திருக்கும் வசதி. ஒரு பக்கம் அழித்தது மறுபக்கமும் அழியும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பூட்டிய ஃபைலும் அப்படியே மறுபக்கம் போய்ச் சேரும். மூன்றில் ஒரு காப்பியாவது கணினியோடு இணைக்கப்படாமல், கேபிள் கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

டிஸ்க்கை எந்த அமைப்பில் ஃபார்மட் செய்வது? எக்ஸ்ஃபேட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் படிக்கும். ஆனால் எழுதும்போது மின்சாரம் போனால் எளிதில் குழம்பும். என்டிஎஃப்எஸ் உறுதியானது; மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. எழுதி முடித்து மூடி வைக்கும் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ் என் தேர்வு.

8. ஃபார்மட்டும் கோடெக்கும்

கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை. அசலை அசலாகவே வையுங்கள். இடத்தை மிச்சப்படுத்த எச்.265 போன்ற அதிகம் சுருக்கும் கோடெக்குக்கு மாற்றிவிட்டு அசலை அழிக்கும் எண்ணம் வந்தால் தள்ளிப்போடுங்கள். இழந்த தரம் திரும்பாது.

விதிவிலக்கு, இன்று திறக்கக் கஷ்டப்படும் பழைய கோடெக். 2019 இல் மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டபோது, சோரன்சன் போன்ற பழைய கோடெக்குகளில் இருந்த வீடியோக்கள் அங்கே திறக்காமல் போயின. அப்படிப்பட்டவற்றை எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்றுக் கருவி கொண்டு புரோரெஸ்ஸுக்கோ எஃப்எஃப்வி1 க்கோ மாற்றி, அசலையும் கூடவே வையுங்கள். எஃப்எஃப்வி1 தரம் குறையாமல் சுருக்கும் திறந்த கோடெக். பல ஆவணக் காப்பகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

9. ஆவணங்கள்

வீடியோ இருந்து ஆவணம் இல்லாவிட்டால், பின்னாளில் அதைப் பார்க்கலாம், பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் "documents" என்று ஒரு துணை ஃபோல்டர் வைத்து இவற்றைப் போடுங்கள்: படத்தில் தோன்றியவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் ஸ்கேன், வாடிக்கையாளர் ஒப்பந்தம், இசையின் உரிமச் சான்று (எந்தத் தேதி வரை, எந்த ஊடகத்துக்கு என்ற விவரத்தோடு), இடத்துக்கான அனுமதிக் கடிதம், கேமரா அறிக்கை. ஸ்கேன்களை, நீண்ட காலச் சேமிப்புக்கென்றே உள்ள பிடிஎஃப்/ஏ வடிவில் சேமிக்கலாம்.

எடிட்டிங் புராஜெக்ட் ஃபைலை அந்த மென்பொருளின் வடிவத்தில் மட்டும் வைக்காதீர்கள். டைம்லைனை, வேறு எடிட்டிங் மென்பொருள்களும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல், இடிஎல் வடிவங்களிலும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பயன்படுத்திய எழுத்துரு, லட் (நிறத்தை மாற்றும் அமைப்பு ஃபைல்), மென்பொருளின் பதிப்பு எண் மூன்றையும் குறித்து வையுங்கள்.

பிறகு பட்டியல். ஒரு சாதாரண அட்டவணை போதும், சிஎஸ்வி (எளிய உரை வடிவ அட்டவணை) ஆகவும் சேமியுங்கள். தேதி, நிகழ்வு, இடம், யார் யார் இருக்கிறார்கள், எந்தக் கேமரா, எத்தனை கார்டு, எத்தனை ஜிபி, எந்தெந்த டிஸ்க்கில் இருக்கிறது, கடைசியாக எப்போது சரிபார்த்தது. "யார் யார்" என்ற பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். முகங்களின் பெயர் நினைவில் இருக்கும் வாரத்திலேயே அதை நிரப்பிவிடுங்கள். படத்தில் இருக்கும் முதியவரின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் பிறகு இருக்க மாட்டார்.

10. எப்போது என்ன

படப்பிடிப்பு நாள் இரவு: இரண்டு காப்பி, செக்சம். ஒரு வாரத்துக்குள்: மூன்றாவது காப்பி வேறு இடத்துக்கு, பட்டியலில் பதிவு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: அலமாரி டிஸ்க்கை எடுத்து மாட்டி, சில கிளிப்புகளைத் தொடக்கம், நடு, கடைசி என்று ஓட்டிப் பாருங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் மாற்றுங்கள். வெயில் படாத, ஈரம் ஏறாத, அதிகம் சூடாகாத அலமாரி போதும். தரையில் வைக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை: முழு டிஸ்க்குக்கும் செக்சம் சோதனை. நொடிக்கு 180 எம்பி (மெகாபைட்) வேகத்தில் 8 டிபி டிஸ்க்கைப் படிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். எங்காவது பொருந்தாவிட்டால் பதற வேண்டாம். மற்ற காப்பியைச் சரிபார்த்து, நல்லதில் இருந்து புதிதாக எழுதுங்கள். ஆனால் பொருந்தாத அந்த டிஸ்க்குக்கு அன்றோடு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

ஐந்து வருடத்தில்: புது டிஸ்க்குக்கு இடமாற்றம். இதற்கான பணத்தை முதல் வருடத்தில் இருந்தே ஒதுக்குங்கள். வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கை வருடாவருடம் எடுத்து வைத்தால் சிரமம் தெரியாது. புது டிஸ்க் வந்ததும், எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 போன்ற கருவியால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். நம்ப முடியாத மலிவு விலையில் கிடைக்கும் "16 டிபி" போர்ட்டபிள் டிஸ்க்குகள் பெரும்பாலும் போலி. சின்னக் கார்டை உள்ளே வைத்துக் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும். இந்தச் சோதனையில் அதன் சாயம் வெளுத்துவிடும். பழைய டிஸ்க்கைப் புதியது ஒரு முழு வருடச் சோதனையைத் தாண்டும் வரை அழிக்காதீர்கள்.

11. உங்களுக்கு அடுத்து யார்

டிஸ்க்கை பிட்லாக்கர் (விண்டோஸ்), ஃபைல்வால்ட் (மேக்) போன்ற பூட்டும் வசதிகளால் பூட்டியிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு, டிஸ்க் இல்லாத இடத்தில் வையுங்கள். சாவி தொலைந்தால் மூன்று காப்பியும் ஒரே நேரத்தில் போனதற்குச் சமம். ரகசியம் எதுவும் இல்லாத ஃபுட்டேஜைப் பூட்டாமலே விடலாம்.

கிளவுட் கணக்கு ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சலிலும் ஒருவரின் அட்டையிலும் மட்டும் இருக்கக் கூடாது. அட்டை காலாவதியாகி, எச்சரிக்கை யாரும் பார்க்காத அஞ்சல் பெட்டிக்குப் போய், கணக்கே மூடப்படும் நிலை வரலாம். குறைந்தது இரண்டு பேருக்கு அந்த எச்சரிக்கைகள் போகும்படி அமையுங்கள்.

கடைசியாக ஒவ்வொரு டிஸ்க்கின் மேல்நிலையிலும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போடுங்கள். இதில் என்ன இருக்கிறது, மற்ற காப்பிகள் எங்கே, பட்டியல் எங்கே, செக்சமை எந்தக் கருவியால் சரிபார்ப்பது, யாரைக் கேட்பது. அதையே ஒரு தாளில் அச்சிட்டு டிஸ்க் பெட்டிக்குள் வையுங்கள். எழுதி முடித்ததும், இந்த வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட கிளிப்பை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.